உறை பிரிக்காத பனி

1

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் தலை நரைத்தவன் நான்; என் சர்க்கரை மாத்திரை மேல் ஆணை.

கதை பிறந்தது அடுத்த வீட்டு ஹர்ஷத்பாயின் சோபாவில். வாங்கிய நாளிலிருந்து அதன் பிளாஸ்டிக் உறையை அவர் பிரித்ததில்லை. விருந்தாளி எழுந்தால் உறையும் கொஞ்சதூரம் கூடவே எழும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி பெய்துகொண்டிருந்தது. கின்னரியின் தூரிகை...’

வேண்டாம். தூரிகை வந்தால் பின்னாலேயே கண்ணீரும் வந்துவிடும்.

2

கின்னரி, ஹர்ஷத்பாயின் மகள், ஓவியர். பனி மூடிய கார் நிறுத்துமிடத்தில் தனியாக நிற்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வரைந்தாள். உள்ளூர் அருங்காட்சியகம் அதை ஏற்றுக்கொண்டது. கீழ்த்தளத்தில், பித்தளை நடராஜருக்குப் பக்கத்தில் மாட்டுவார்களாம்.

“நான் பொறந்தது இந்த ஊரு ஆஸ்பத்திரி. வரைஞ்சது இந்த ஊருப் பனி. மாடியில அமெரிக்க ஓவியங்களோட மாட்டினா என்னவாம்?”

“நடராஜர் பக்கத்துல எடம் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா,” என்றார் ஹர்ஷத்பாய்.

“அவரு ஆடுற எடத்துல தள்ளுவண்டி எதுக்கு பப்பா?”

காப்பாட்சியர் தெரசா இன்னொரு முறை பார்த்து முடிவு சொல்ல ஒப்புக்கொண்டார்.

(தெரசாவை வில்லியாக்கப் பார்த்தேன். கறுப்பு உடையெல்லாம் மாட்டிவிட்டேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

3

படத்தை என் வேனில் கொண்டுபோனோம். தெரசா முன்னால் போர்வையை விலக்கினால், படம் முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக். பின்னால் ஆணியடித்து விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது.

“பப்பா. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“தூசி படும்ல.”

“கழட்டுங்க.”

“புதுசு புதுசாவே இருக்கட்டுமே. உனக்கென்ன நஷ்டம்?”

தெரசா கிட்டே வந்து ஒரு விரலால் தேய்த்தார். கிரீச்சென்றது.

“புரூக்ளின்ல எங்கம்மா வீட்டு சோபா,” என்றார். “வெயில் காலத்துல தொடை ஒட்டிக்கும். உரிச்சுத்தான் எழுந்திருக்கணும். எங்க தெருவுல இத்தாலிக்காரங்க எல்லார் வீட்டுலயும் இதே கதிதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “இதவிட அமெரிக்கா வேற எது? மாடிக்கு ஏத்துங்க. உறையோட.”

“உறை இல்லாம?” என்றாள் கின்னரி.

“அப்ப கீழதான்.”

ஹர்ஷத்பாயின் முகத்தை வர்ணிக்க வார்த்தை கிடைக்கவில்லை (தேடினேன்; மீசை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்).

“பேர்ப்பலகையில என் பேரும் வருமா?” என்று தெரசாவிடம் விசாரித்தார்.

4

முடிவு ஒன்று: கின்னரி உறையைக் கிழிக்கிறாள், பனி பளிச்சென்று தெரிகிறது, தள்ளுவண்டி நடராஜரிடம் போகிறது. முடிவு இரண்டு: உறையோடு மாடியேறுகிறாள், விமர்சகர்கள் பிளாஸ்டிக்கைக் கொண்டாடுகிறார்கள், அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு அப்பாவுக்கு வருகிறது. முடிவு மூன்று: அவள் சிரித்துக்கொண்டே தெரசாவிடம்...

இல்லை, சிரிப்பாளா என்பதே எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். படிக்கட்டின் கீழே கின்னரி கத்தரிக்கோலோடு நிற்கிறாள். படத்தின் ஒரு முனை ஹர்ஷத்பாய் கையில், மறுமுனை என் கையில். கனமான படம். எனக்கு முதுகு வேறு சரியில்லை. வாசகரே, ஏற்றுவதா இறக்குவதா, நீங்களே சீக்கிரம் சொல்லுங்கள்.

என் சர்க்கரை மாத்திரை மன்னிக்கட்டும்: அந்த அருங்காட்சியகம் ஒரே தளம். அங்கே படிக்கட்டே கிடையாது.