அரியலூர் பஸ்

உண்ணாமலை சாப்பிடாமல் இருப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. அறிவு வளர்ச்சிக் குறையுள்ளவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எங்கள் பெரம்பலூர் இல்லத்தில், முன்பெல்லாம் இரண்டாம் தடவை சோறு கேட்கிற ஒரே ஆள் அவள். முப்பது வயது. இப்போதெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறாள். வெயிலில் பஸ்கள் தண்ணீருக்குள் போவது போலத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால், தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

மாலையில் அவளை அழைத்துப்போக அண்ணன் வீரமுத்து வந்தார்.

"நாளையிலேருந்து வூட்டுலயே வச்சுக்கிறேங்க. பொறவியிலயே அப்படித்தான, இங்க வந்து என்னா ஆவப்போவுது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறவிக் குறை அவளுக்குக் கணக்கு வராமல் செய்யும், சட்டைப் பித்தானை மெதுவாகப் போட வைக்கும். பசியைப் பறிக்காது. இது மனசுக்கு வந்த நோய். யாருக்கும் வரும், வைத்தியம் பார்த்தால் தேறலாம். வீட்டில் முடக்கிப் போட்டால் ஆள் மிஞ்சமாட்டாள்.

"அது வேற, இது வேறங்க. டாக்டர்கிட்ட காட்டணும். எப்பலேருந்து இப்படி இருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பா தவறுனதுலேருந்து. ஆனா அதுக்குத் தெரியாதுங்க. விக்கிரமங்கலத்துல அத்தை வூட்டுக்கு அனுப்பிட்டுத்தான் அப்பாவ எடுத்தோம். கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். புரியாத புள்ளைகிட்ட சொல்லி என்னா செய்ய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் போய்வரும் அரியலூர் பஸ் தெரிந்தால் மட்டும் உண்ணாமலை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா வருவார் என்று காத்திருப்பவள் அப்படிச் செய்யமாட்டாள்.

வீரமுத்துவை மரத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் போனேன். "உண்ணாமல, அப்பா எங்க?"

என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். அவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது, தெருவுக்கே கேட்கும்.

"செத்துப்போச்சுக்கா. காலைல எழுப்புனேன். சில்லுனு இருந்துச்சு. போர்வைய இழுத்துப் போத்திவுட்டேன்."

"ஏன்டி யாருகிட்டயும் சொல்லல?"

"அண்ணனுக்குத் தெரியாதுக்கா. கோயிலுக்குப் போயிருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. சொன்னா அழுவும். நீங்களும் சொல்லிராதீங்க."

இத்தனை நாள் அந்தச் சாவை அவள் ஒருத்தியாகவே சுமந்திருக்கிறாள்.

வீரமுத்து வந்து அவள் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும்மா."

"தெரியுமாண்ணா?" என்றாள். அவர் தலையாட்டினார். அப்பா போன பிறகு அன்றுதான் அவள் முதன்முதலாக அழுதாள். அண்ணன் முகத்தைத் தன் தாவணியால் துடைத்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தோம். எதிரே அரியலூர் பஸ் வந்து, புழுதி கிளப்பிக் கடந்து போனது. அது மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.