மேனேஜருக்கு ஒரு அறிமுகம்

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயத் திறக்காம, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வந்துடு."

"வாயத் திறக்காம எப்படிங்க சொல்றது?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவனின் கை அப்படியே நின்றது. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. அவளும் சிரிக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில், ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஒருவர் நின்று உடுத்தினால் மற்றவர் கட்டிலில் ஏறிக் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். சண்டை போடக்கூட இடம் போதாது. பக்கத்து அறைக்கும் கேட்கும் என்பதால் இருவரும் குரலை இறக்கியே சண்டை போட்டார்கள்.

"அண்ணன் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. கப்பல் கரைக்குப் போனதும் யாரு திரும்ப ஏறணும், யாரு எறங்கணும்னு அவருதான் சொல்லப் போறாரு. உன் பொழப்பு அவரு வாயில இருக்கு."

"என் பொழப்பு மட்டுமா? நம்ம வீடு, நம்ம அடுப்பு எல்லாமே அவரு வாயிலதான இருக்கு!"

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த உல்லாசக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளும் கணவனும் சர்வர்கள். கூடத்துக்கு மேனேஜர், கணவனின் அண்ணன். வீட்டில் அவருக்குப் பெயர் பெரியவர். அவர் சிபாரிசில்தான் முதலில் தம்பியும், கல்யாணமான பிறகு தம்பி மனைவியும் கப்பல் ஏறினார்கள். கரையில் அவர்கள் குடியிருந்த மாடியும் அவருடைய வீட்டு மாடிதான். மாடி எழும்பியது தம்பியின் சம்பாத்தியத்தில். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் பெரியவரை முன்னால் நிறுத்தி, "இந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்துனவன் இவன்தான்" என்று ஆரம்பிப்பாள். தூக்கி நிறுத்தப்பட்டவர்கள் தேநீர்த் தட்டோடு பின்னால் நிற்பார்கள்.

மாமியார் வீட்டில் பிரியத்தோடு செய்ததைக் கப்பலில் சர்வர்கள் பயத்தோடு செய்தார்கள். பயணத்தின் கடைசி விருந்தில், இனிப்பு வைத்து முடிந்ததும், ஒவ்வொரு சர்வரும் மேனேஜரைத் தன் மேசைகளுக்கு அழைத்துப் போக வேண்டும். "உங்க சாப்பாடு, உங்க சௌகரியம் எல்லாத்தையும் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்டவர் இவர்தான்" என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு அடி பின்வாங்கி நிற்க வேண்டும். மேனேஜர் புன்னகை செய்வார். விருந்தினர் கையைப் பைக்குள் விடுவார். இதற்கு அறிமுகம் என்று பெயர். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த வழக்கத்தை மீற எந்தச் சர்வருக்கும் துணிச்சல் வந்ததில்லை. காரணம், யாருக்கு ஜன்னலோர மேசை, யாருக்குப் பாத்திரம் கழுவுகிற அறையின் கதவோர மேசை என்று தீர்மானிப்பவர் மேனேஜர். அவர் அந்தக் கூடத்தில் செய்த வேலை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

போன பயணத்தில் அவள் எச்சில் தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கித் தூக்கிக்கொண்டு, அறிமுக நேரத்தில் நழுவிவிட்டாள். அதன் பலன் இந்தப் பயணத்தில் கதவோரம். கதவு திறக்கும்போதெல்லாம் நீராவியும் பாத்திரச் சத்தமும் முதுகில் மோதும். அந்த மேசைகளுக்கு வருகிறவர்களும் ஜன்னலோரம் கேட்கத் தெரியாத எளிய மனிதர்கள்.

"ஒரே ஒரு வாக்கியம்," என்றான் கணவன். இப்போது குரலில் கெஞ்சல் வந்திருந்தது. "அதச் சொன்னா என்ன கொறஞ்சிடுவ?"

அவள் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீங்க இத்தன வருஷமாச் சொல்றீங்களே, கொறையலயா?" என்றாள்.

அவன் மீதிப் பொத்தான்களைப் போட்டு முடித்தான். இருவரும் மேலே போனார்கள்.

கதவோர மேசையில் இந்தப் பயணம் முழுக்க ஒரு தையல்காரரும் அவர் மகளும் உட்கார்ந்தார்கள். தையல்காரர் தொழிலை விட்டுச் சில காலம் ஆகியிருந்தது. விட்டதற்குக் காரணம் அவருடைய கை. அது நடுங்கியது. முதல் நாள் கறித் துண்டை வெட்டப் போய்க் கத்தி தட்டில் தந்தி அடித்தது. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவர் கத்தியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்றார். மகள் தட்டை இழுத்து வெட்டித் தர முயன்றாள். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து அந்த மேசைக்குப் போகும் சாப்பாடு, சமையலறைக்கு வெளியே தட்டுகள் சூடாக்கும் மேடையிலேயே சிறு துண்டுகளாகிவிடும். அவருடைய தட்டில் மட்டும் அப்படி வைத்தால் அவருக்கு உறைக்கும் என்று மகளுடைய தட்டிலும் சர்வரான அவள் வெட்டி வைத்தாள். சமைத்ததே அப்படித்தான் என்பதுபோல் குழம்பை மேலே பரவலாக ஊற்றிவிடுவாள். தையல்காரர் கரண்டியாலேயே சாப்பிட்டார். ஒரு நாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று அவளுக்குக் கால் வலியே தெரியவில்லை.

மேனேஜர் அதைப் பார்த்தார். பார்த்தார் என்றால், தண்டிக்கப் பார்த்தார். "இங்க என்ன, கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டிருக்கியா? மத்த மேசை எல்லாம் கண்ணுக்குத் தெரியலயா?" என்று மற்ற சர்வர்கள் முன்னால் வைத்தே கேட்டார். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இதோ ஆயிடுச்சு அத்தான்" என்றாள். கூடத்தில் அத்தான் என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. கோபம் வரும்போது அவளுக்கு அந்த உத்தரவு மட்டும் மறந்துவிடும்.

கடைசி விருந்தில் கூடம் ஜொலித்தது. இனிப்புக் கிண்ணங்கள் காலியாயின. மேனேஜர் கறுப்புக் கோட்டில், அதற்கென்றே வைத்திருந்த புன்னகையோடு வெளிப்பட்டார். வழக்கமாக ஜன்னலோரத்தில் தொடங்குகிறவர் இன்று நேராகக் கதவோரத்துக்கு வந்தார். மற்றவர்கள் பார்க்க அவளைப் பணிய வைத்துவிட்டால் மீதி மேசைகள் தானாக நடந்துவிடும் என்பது அவர் கணக்கு. அடுத்த வரிசையில் நின்ற கணவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"ம், ஆரம்பி," என்றார் மேனேஜர், உதடு அசையாமல்.

அவள் மேசை அருகே போய் நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே தையல்காரரின் மகள் எழுந்துவிட்டாள். கையில் ஒரு கவர் இருந்தது.

"சார், உங்களத்தான் தேடிட்டிருந்தேன். அன்னைக்கு வாசல்ல சொன்னீங்களே, அப்பாவுக்குச் சின்னச் சின்னதா வெட்டித் தரச் சொல்லி நீங்கதான் உத்தரவு போட்டீங்கன்னு. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்."

"அது எங்க கடமைம்மா," என்றார் மேனேஜர், தலையைச் சற்றே சாய்த்து.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் திட்டியதைக்கூட அவள் பொறுத்திருந்தாள். கத்தியைப் பிடித்த கையைத் திட்டிவிட்டு, வாசலில் நின்று அதே வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாரே, அதைப் பொறுக்க முடியவில்லை.

தையல்காரர் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரும்மா. எனக்கு ஒரு சந்தேகம்," என்று சர்வர் பக்கம் திரும்பினார். "சர்வருக்குக் குடுக்கறது நியாயம், நாங்க உனக்கு அப்பவே குடுத்துட்டோம். மேனேஜருக்கும் தனியாக் குடுக்கணும்னு சிலர் சொல்றாங்க, வேணாங்கறாங்க சிலர். நீயே இங்க வேல செய்யற. நீ சொல்லு, குடுக்கலாமா?"

மேனேஜரின் புன்னகை அவள் பக்கம் திரும்பியது. அதில் மாடி வீடு இருந்தது, வேலை இருந்தது, மாமியார் வீட்டுத் தேநீர்த் தட்டும் இருந்தது.

"அறிமுகம் பண்ணி வைக்கறது எங்க வழக்கம் ஐயா. பண்ணிடறேன்," என்றாள் அவள். "இவர் எங்க மேனேஜர். எந்தச் சர்வருக்கு எந்த மேசைன்னு இவர்தான் முடிவு பண்றாரு. நீங்க சாப்பிட்டுட்டிருந்தப்ப ஒரு நாளும் இவர் இந்த மேசைப் பக்கம் வந்ததில்ல, இன்னைக்குத்தான் வந்திருக்காரு. உங்களுக்கு வெட்டித் தரச் சொல்லி இவர் சொல்லல. வெட்டுனதுக்குத் திட்டுனாரு. இதுதான் இவரப் பத்தி எனக்குத் தெரிஞ்சது. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுங்க, அவ்வளவுதான்."

கழுவுகிற அறையின் கதவு ஒரு முறை திறந்து மூடியது. மேனேஜரின் புன்னகைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ வெட்டுனது?" என்று கேட்டார் தையல்காரர்.

"நான்தான் ஐயா."

"எம்பொண்ணு தட்டுலயும் வெட்டியிருந்துச்சே?"

"உங்க தட்டுல மட்டும் வெட்டியிருந்தா நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நடுங்கும் கையாலேயே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு மகளைப் பார்த்து, "அந்தக் கவர உள்ள வைம்மா" என்றார்.

மேனேஜர் தம்பி மனைவியின் தோளோடு தோளாக நடந்து, அவளைக் கதவருகே நிறுத்தினார். "கரைக்குப் போனதும் மாடியக் காலி பண்ணு. கப்பல்லயும் உனக்கு எடமில்ல, வீட்லயும் எடமில்ல. என் தம்பிய எப்படித் திருப்பணும்னு எனக்குத் தெரியும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டபடி தம்பியின் மேசையை நோக்கிப் போனார். அங்கே ஒரு பெரிய குடும்பம் இருந்தது. கலகலப்பான, கைதாராளமான குடும்பம்.

அவள் நின்ற இடத்திலிருந்து கணவனைப் பார்த்தாள். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். வீடு போனால் இன்னொரு வீடு. இப்போது இவன் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், அந்தச் சின்ன அறையில் இனி இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கணவன் தொண்டையைச் செருமினான். அண்ணன் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இவர்..." என்றான். மனைவி நின்ற பக்கம் ஒரு முறை பார்த்தான். "இவர் எங்க அண்ணன்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டான்.

"அட, அப்படியா! முக ஜாடை தெரியுதே!" என்றார் குடும்பத் தலைவர். எல்லோரும் சந்தோஷமாக மேனேஜரின் கையைக் குலுக்கினார்கள். குலுக்கிய கைகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. ஓர் அம்மாள், "ரெண்டு பேரும் ஒண்ணா வேல செய்யறது எவ்வளவு நல்லாருக்கு!" என்று நெகிழ்ந்தாள். மேனேஜர் இன்னும் ஏதாவது வரும் என்று தம்பியைப் பார்த்தார். தம்பி எச்சில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தான். ஆளுயரத்துக்கு அடுக்கினான்.

தட்டுகளோடு அவளைக் கடந்து போகும்போது, "வீட்டக் காலி பண்ணச் சொல்வாரு," என்றான் அவன்.

"சொல்லிட்டாரு. பண்ணிடலாம். நம்ம கட்டுன மாடிய நம்ம தலையில தூக்கிட்டா போக முடியும்?"

அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. தட்டுகள் குலுங்கின.

அதற்குள் செய்தி கூடம் முழுக்கப் பரவியிருந்தது. யாரும் கூடிப் பேசவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஜன்னலோரச் சர்வருக்குத் திடீரென்று மேசை விரிப்பில் கறை தெரிந்தது. நடு வரிசைக்காரனுக்குக் கிண்ணங்களை உடனே எடுத்தாக வேண்டியிருந்தது. வயதில் மூத்த சர்வர் ஒருவர், மேனேஜர் கையசைத்துக் கூப்பிட்டபோது, "இதோ வந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். கூடத்தின் நடுவில் கறுப்புக் கோட்டில் ஒரு மனிதர் தனியாக நின்றார். யாரும் அறிமுகம் செய்யாததால் அவர் யார் என்று அங்கிருந்த மற்ற விருந்தினர்களுக்குத் தெரியவில்லை. பயணம் முழுக்க அவர்கள் அவரைப் பார்த்ததே இல்லையே!

"ஏம்பா," என்று கூப்பிட்டார் ஒரு கிழவர், காலிக் குவளையைத் தூக்கிக் காட்டி. "சும்மாத்தான நிக்கற? கொஞ்சம் தண்ணி கொண்டா."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாச் சர்வர்களின் முதுகும் அவர் பக்கம் இருந்தது. கிழவரோ குவளையை நீட்டியபடியே இருந்தார். வேறு வழியில்லாமல் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்தவர், நின்றார். தண்ணீர் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கதவுக்கு இடது பக்கம், அத்தான்," என்றாள் அவள். "குழாய அழுத்திப் பிடிக்கணும்."

அவர் பிடித்தார். கோட்டுக் கை நனைந்தது. குவளையைக் கொண்டுபோய்க் கிழவர் முன்னால் வைத்தார். கிழவர் நல்ல மனிதர். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து, மேனேஜரின் ஈரமான உள்ளங்கையில் வைத்து மூடினார்.

மேனேஜர் அந்தக் கையை விரிக்கவும் முடியாமல், உதறவும் முடியாமல் நின்றார்.

மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வச்சுக்கோங்க அத்தான்," என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி. "அது நீங்க சம்பாதிச்சது."