மண்ணில் இறங்காத வேலி

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன தை மாதம் பத்தமடைக்குத் தெற்கே ஒருவர் நீல நைலான் வலையைச் சுருட்டித் தோளில் போட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். வலைக்கு இந்தப் பக்கம் ஆடுகள்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"அங்கிட்டு அறுத்த சோளத்து அடித்தூர்ல குருத்து விட்டிருக்குவே. ஆடு தின்னா பிழைக்காது."

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை. நைலான் இல்லாத காலத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். வண்ணார்பேட்டையில் இறங்குவதற்குள் யூனிஸ் என் மனதுக்குள் வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: '1911-ஆம் ஆண்டு, தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில்...'

(வேண்டாம். அவள் நிலம் கால்வாய்க்கு மேட்டுப்பக்கம், ஆற்றுத் தண்ணீர் ஏறாத புன்செய். அழகுக்காக ஆற்றை இழுத்துவரக் கூடாது.)

இரண்டாம் தொடக்கம்: 'யூனிஸ் ஒரு கைம்பெண்...'

(இதுவும் வேண்டாம். முதலில் அவளை ஆட்டுக்காரியாகப் பாருங்கள்.)

யூனிஸுக்கு முப்பத்திரண்டு வயது, இருபத்தாறு ஆடு. கணவன் ஜெபசீலன் காய்ச்சலில் போனபின் அவளுக்கென்று இருந்தவை அந்த ஆடுகள்தான். நிலம் அவனுக்கும் அவன் அண்ணன் பாக்கியசீலனுக்கும் பொது. பாகம் பிரிக்கவில்லை. அவர் உழுதார், இவள் மேய்த்தாள். முந்தின வருஷம் அறுப்புக்குப் பின் மழை பெய்து சோளத்தின் அடித்தூரில் குருத்து விட்டது. அதைத் தின்ற ஏழு ஆடுகள் ஒரே காலையில் நுரை தள்ளி விழுந்தன.

இந்த வருஷமும் மழை. நிலத்தின் மேல்பாதியில் குருத்து, கீழ்ப்பாதியில் நல்ல புல். குருத்து முற்றி விஷம் இறங்கும்வரை, ஒரு மாதத்துக்கு மட்டும், நடுவே ஒரு வேலி வேண்டும்.

3

முதலில் உடைமரத்து முள்ளை வெட்டிப் போட்டாள். மூன்றாம் நாளே ஒரு தாயாட்டின் மடி கிழிந்தது. குட்டி பாலுக்கு முட்டினால் உதைத்தது. முள்ளைக் கொளுத்திவிட்டாள்.

அடுத்தது படல், மூங்கிலில் பின்னிய தட்டி. அது நிற்கக் குழி தோண்டிக் கால் நட வேண்டும். பாக்கியசீலன் வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார்.

"குழி தோண்டாத, யூனிஸ்."

"ஒரு மாசந்தான் அத்தான். பெறகு பிடுங்கிருதேன்."

"நீ கம்பப் பிடுங்கிருவ. ஊர் வாய என்ன செய்ய? தம்பி போயி ரெண்டு வருசங்கூட ஆகல, அதுக்குள்ள நடுவுல கால் நட்டு பாகம் வச்சுட்டாவன்னு கோயில் வாசல்லயே கேப்பான்."

"ஆடு செத்தா ஊரு வந்து அழுமா?"

அவர் கடப்பாரையை விடவில்லை.

(முதல் வரைவில் இவரை நிலத்தாசை பிடித்தவராக எழுதியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது. அடித்துவிட்டேன். பாகம் பிரிந்தால் தம்பி போய்விட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் பயம் அதுதான். அதை அவர் யூனிஸிடம் சொல்ல மாட்டார். நானும் சொல்லவைக்க மாட்டேன்.)

யூனிஸ் பனைநார்க் கயிற்றில் இடுப்புயர வலை பின்னினாள். மும்மூன்று கம்பாக நுனியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றித் தரைமேல் நிறுத்தி, அதில் வலையைத் தொங்கவிட்டாள். மண்ணில் ஒரு விரற்கடைகூட இறங்காத வேலி.

பாக்கியசீலன் சுற்றிவந்து பார்த்தார். "நிக்குமா இது?" என்றார். பிறகு தளர்ந்திருந்த ஒரு முடிச்சை அவரே இறுக்கினார்.

4

பதினோரு நாள் நின்றது. பன்னிரண்டாம் நாள் முற்பகலில் வாடைக்காற்று எழுந்தது. யூனிஸ் கிணற்றடியில் இருந்தாள்.

"யூனிஸ்! வலை விழுந்துட்டு! ஓடியா!"

அவள் வந்தபோது பாக்கியசீலன் துண்டை வீசி வீசி ஆடுகளைக் கீழே விரட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து தப்பின. ஒரு சினையாடு மட்டும் கால் விறைத்து விழுந்தது. அவள் விஷம் முறியக் கருப்பட்டியைக் கரைத்துக் கொண்டுவந்தாள். அவர் அதன் வாயைப் பிளந்து பிடித்தார். அவள் ஊற்றினாள்.

"முழுங்கு தாயி, முழுங்கு" என்று ஆட்டிடம் கெஞ்சினார்.

உச்சிப்பொழுதுக்குள் அது செத்தது.

"அன்னைக்குத் தோண்ட விட்டிருந்தா இது பிழைச்சிருக்கும்" என்றார்.

'அப்படியெல்லாம் இல்ல அத்தான்' என்று யூனிஸ்...

(எழுதிப் பார்த்தேன். அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். செத்தது அவள் ஆடு.)

அவர் எழுந்து போய்க் கடப்பாரையோடு வந்தார். நிலத்தின் நடுவில் முதல் குழியை அவரே தோண்டினார். வழியில் போன ஒருவர் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பாகம் பிரிக்கியளா?"

"ஆட்டுக்கு வேலி போடுதேன்வே. போம்."

5

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், மாதம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து வேலியைப் பிடுங்குகிறார்கள். இன்னொன்றில், பிடுங்கச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. படல் மக்கிப் போகிறது, அந்தக் கோடு வரப்பாகிவிடுகிறது. இரண்டுமே நடக்கக்கூடியவை. அதனால் இரண்டையும் கிழித்தேன்.

முதல் கால் குழியில் இறங்கியிருக்கிறது. யூனிஸ் பிடித்திருக்கிறாள். மண் தள்ளுமுன் பாக்கியசீலன் கேட்கிறார்:

"நேரா நிக்குதா, பாரு."

"ஒங்க பக்கம் கொஞ்சம் சாயுது அத்தான்."

'ஒங்க பக்கம்.' அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லியாயிற்று, இருவர் காதிலும் விழுந்தாயிற்று. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்.

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு இருவர் மேலும் பிரியம். நான் எழுதினால் சலுகை காட்டிவிடுவேன். நீங்களே சொல்லுங்கள். சற்றுச் சீக்கிரம், அவள் இன்னும் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.