அர்தெமியோவின் தலைமுடி

வலந்தீன் தலைநகர் சந்தியாகோவிலிருந்து எங்கள் சிலோயே தீவுக்கு வந்து இறங்கியபோது சேறே பார்த்திராத வெள்ளைக் காலணி போட்டிருந்தான். எட்டு நாளும் அது வெள்ளையாகவே இருந்தது. அவனைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நான் தீவிலுள்ள காஸ்த்ரோ ஊரில் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் படம் எடுப்பவள். பெயர் மிரேயா. என்னை எட்டு நாளைக்கு அமர்த்திக்கொண்டான். ஊர் ஊராகப் போய் நான் படம் எடுக்க வேண்டும். அவன் அதற்குக் கவிதை எழுதித் தன் குரலில் வாசித்து, நாற்பது நொடி வீடியோவாக்கிப் போடுவான். தனக்குத் தானே 'பயணக் கவிஞன்' என்று பட்டம் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு லட்சம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். குரல் நல்ல குரல்தான். அந்தக் குரலில் மளிகைச் சீட்டை வாசித்தாலும் சிலர் கண் கலங்குவார்கள்.

பயணக் கவிஞன் பயணம் செய்ததெல்லாம் காருக்குள்தான். மழை என்றால் இறங்கமாட்டான். எங்கள் ஊரில் மழை இல்லாத நாளை எண்ணத் தனியாக ஆள் வைக்க வேண்டாம், ஒரு கை விரல் போதும்.

ஐந்தாம் நாள் லியூக்கோ கரைக்குப் போனோம். கடல் வற்றிக் கிடந்தது. ஒதிலியா அக்கா மஞ்சள் மழைக்கோட்டோடு முழங்கால் சேற்றில் நின்று பாசி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். பின்னால் அவள் வீட்டுக்காரர் அர்தெமியோ கட்டிய நீலப் படகு சாய்ந்து கிடந்தது. நல்ல வெளிச்சம். பத்துப் படம் எடுத்தேன்.

"யாருடி அது, கார்ல உக்காந்து கண்ணாடிய ஊதித் தொடைக்கிறது?" என்று கேட்டாள்.

"கவிஞர்க்கா."

"எறங்கச் சொல்லு. பாசி தூக்க ஒரு கை கொறையுது. எங்க வீட்டுக்காரரு முதுகப் புடிச்சுக்கிட்டு அடுப்போரம் படுத்திருக்காரு."

நான் போய்ச் சொன்னேன். வலந்தீன் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினான். "வேணாம் செல்லம். கிட்டப் போனா அந்த மாயம் கலைஞ்சிடும்" என்றான். மறுபடி ஏற்றிக்கொண்டான்.

அவன் ஊர் திரும்பிய மறுவாரம் வீடியோ வந்தது. என் படம், மஞ்சள் கோட்டு, நீலப் படகு. மேலே தேன் தடவிய குரல்:

கடல் தின்ற கணவனைக்
கரையெல்லாம் தேடுகிறாள்;
அலை அவளிடம் தருவதோ
அவன் தலைமுடி போலொரு பாசி.

படகின் மேல் ஒரு வயலின் வேறு அழுதது. நான் சிரித்துவிட்டு, கவிதைதானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அப்போதே அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ஒதிலியா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "உடனே வாடி. வந்து நீயே உன் கண்ணால பாரு" என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது இதுதான். அர்தெமியோவுக்கு எலியாசர் என்று ஓர் அண்ணன். எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் ரியோ காயேகோஸில் இருக்கிறார். அவர்கள் அம்மாவின் மர வீட்டை, எங்கள் தீவு வழக்கப்படி, அப்படியே பெயர்த்து உருளைக்கட்டையில் ஏற்றி, மாடு பூட்டி இழுத்து வேறு கரைக்குக் கொண்டுபோனார் தம்பி. தன்னைக் கேட்காமல் செய்துவிட்டான் என்று பதினோரு வருஷமாக அண்ணன் பேசவில்லை. ஒருவரிடம் ஒருவர் நம்பர்கூட இல்லை. அந்த எலியாசருக்கு மருமகள் வீடியோவைக் காட்டியிருக்கிறாள். தம்பி பெண்டாட்டியை அடையாளம் தெரிந்தது, தம்பியின் படகைத் தெரிந்தது. மனுஷன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கறுப்பு டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கையில் பிளாஸ்டிக் பூவில் ஒரு மலர்வளையம். நிஜப் பூவை எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள் அல்லவா.

கதவைத் தட்டினார். வாயில் ரொட்டியோடு கதவைத் திறந்தது அர்தெமியோ.

"செத்தவன் வந்து கதவத் தொறக்கலாமாடா?" என்று கத்திக்கொண்டே தம்பியின் கன்னத்தில் ஒன்று வைத்தாராம் அண்ணன்.

"யாருண்ணே செத்தது?"

"நீதான்டா!"

அடித்த கையாலேயே தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாராம்.

நான் போனபோது இருவரும் விறகு அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மலர்வளையம் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கியது. ஒதிலியா அக்கா உருளைக்கிழங்கு ரொட்டியை எண்ணெயில் போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எலியாசர் என் பக்கம் திரும்பினார். கண் இன்னும் வீங்கியிருந்தது. "படம் எடுத்தது நீதானாம்மா? ரெண்டு நாளு பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன், முன்ன பின்ன தெரியாதவன், எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தான். பேசாமப் போன பதினோரு வருஷத்தையும் நெனச்சு நெனச்சு அழுதேன். அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

ஸ்பீக்கரில் போட்டு வலந்தீனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்படுவான் என்று நினைத்துக்கொண்டேன், அசடு மாதிரி.

"மலர்வளையத்தோடவா வந்தாரு?" என்றான். "மிரேயா, அதப் படம் புடிச்சியா நீ?"

"அந்த வீடியோவ எடுத்துடு, வலந்தீன்."

"புரிஞ்சுக்க செல்லம். கவிதையில கணவன்னா கணவன் இல்ல. அது ஒரு குறியீடு."

அர்தெமியோ முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "குறியீட்டுக்கு முதுகு வலிக்குமாடா? எனக்கு இருபத்தஞ்சு வயசுலயே தல வழுக்க. பாசி மாதிரி முடியாம்ல முடி!"

எலியாசர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். சிரித்த வாயில் மாத்தே புரையேறியது.

வலந்தீன் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "அவர் சிரிக்கிறாரா? அற்புதம். நான் நாளைக்கே ஃப்ளைட் புடிச்சு வரேன். அண்ணன் அதே மலர்வளையத்தோட இன்னொரு தடவ வந்து கதவத் தட்டட்டும். ரெண்டாம் பாகம்!"

எலியாசர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "வாப்பா, வா. வந்து கதவுக்கு முன்னால நில்லு. நான் தட்டுறேன்" என்றார் அன்பாக. அது எந்த மாதிரித் தட்டு என்பது கவிஞனுக்குக்கூடப் புரிந்துவிட்டது. அவன் வரவில்லை.

படம் என்னுடையது, நீக்குகிறாயா, புகார் கொடுக்கட்டுமா என்று அன்றே எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் என் படம் மறைந்தது. கவிதை மறையவில்லை. அதே குரல், அதே வயலின், அதே நாலு வரி. ஒதிலியா அக்கா நின்ற இடத்தில் பனிமலைக்கு முன்னால், எந்த நாட்டுக் கடலோ, பொன்னிற முடிக்காரி ஒருத்தி மீன்கூடையோடு நின்றாள். கீழே மக்கள் முன்பு போலவே அழுதுகொண்டிருந்தார்கள். 'என் நெஞ்சு வெடித்துவிட்டது' என்று முதல் படத்துக்கு எழுதிய அதே ஆள், இதற்கும் நெஞ்சு வெடித்திருந்தான். ஒருவருக்கும் பெண் மாறியது தெரியவில்லை.

ஒதிலியா அக்கா அதைப் பார்த்தாள். "பாவம், இவ புருஷனையும் கொன்னுட்டானா?" என்றாள். "அந்தம்மாவுக்கு யாராச்சும் தகவல் சொல்லுங்கடி."

எலியாசர் எட்டு நாள் தங்கினார். ஆறாம் நாள்தான் அம்மாவின் வீடு இப்போது நிற்கும் கரைக்குப் போய்ப் பார்க்கச் சம்மதித்தார். சுற்றிச் சுற்றி வந்தார். "கதவ வடக்க பாத்து வெச்சிருக்கணும்" என்றார். தம்பி சண்டைக்குப் போகவில்லை. பஸ் ஏறும்போது இருவரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இது கவிஞனால் நடந்த நல்லது என்று ஊரில் ஒருத்தர் சொன்னார். கூரை இடிந்து விழுந்ததில் எலி செத்தால் அதற்காகக் கூரைக்கு நன்றி சொல்வாரா என்று கேட்டேன்.

போன மாதம் வலந்தீன் எனக்கு எழுதியிருந்தான். ஒன்றுமே நடக்காதது போல. வடக்கே பாலைவனத்துக்குப் போகிறானாம், படம் எடுக்க வருகிறாயா என்று.

'அங்கே யாரைக் கொல்லப் போகிறாய்?' என்று பதில் போட்டேன்.

உடனே வந்தது மறுபதில். 'அபாரமான வரி. இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?'