சட்டையிடம் சம்மதம் கேட்டார்கள்

ராணுவ ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடைமைகளைக் குடும்பத்தாரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பேராசிரியர் ஜியென் ஒரு புத்தகம் எழுதினார். தைவானே கண்கலங்கியது. கலங்கிய கையோடு அவரை ஒரு தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தலைவராக்கினார்கள். அங்கிருந்து, கடலோரப் பழைய ராணுவச் சிறையில் திறக்கவிருந்த அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார். உடைமைகள் இரண்டு இடத்திலும் பத்திரமாக இருந்தன.

ஸெங் யூமெய் கேட்டது ஒரு சட்டையைத்தான். அவளுடைய அப்பாவின் சட்டை. மார்பில் மூன்று ஓட்டை. உடலை அரசாங்கம் தரவே இல்லை. கல்லறையில் வைக்க அது ஒன்றுதான் மிச்சம்.

"அக்கா, அப்பாகிட்டயே கேட்டுடுவோமே," என்றார் ஜியென். பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியனுப்பினார்.

அப்பா அடைபட்டிருந்த அதே அறையில், சட்டை இருந்த கண்ணாடிப் பெட்டிமுன் யூமெய் மண்டியிட்டாள். கையில் பிறைவடிவச் சிவப்பு மரத்துண்டுகள் இரண்டு. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் செத்தவர் சம்மதிக்கிறார்; இரண்டும் குப்புற விழுந்தால் மறுக்கிறார்.

"அப்பா, இங்கயே இருக்கீங்களா?"

இரண்டும் குப்புற விழுந்தன.

"கை நடுங்கிடுச்சுக்கா. இன்னொரு தடவை."

மறுபடியும் குப்புற.

"'நாட்டுக்காக'ன்னு சேத்துக் கேளுங்க."

இரண்டும் மல்லாந்தன.

"யோசிக்கிறாரு," என்றார் ஜியென்.

"யோசிக்கல, சிரிக்கிறாரு. இந்த ரூம்லருந்துதான இழுத்துட்டுப் போனாங்க? ஏசி போட்டுட்டா திரும்பி வந்து உக்காந்துருவாரா?"

பிறகு தன் கேள்வியைக் கேட்டாள். "வீட்டுக்கு வர்றீங்களாப்பா?"

சம்மதம். சம்மதம். மூன்றாம் முறையும் சம்மதம். கேமராக்கள் மின்னின.

"மனசு உருகுதுக்கா," என்றார் ஜியென். "ஆனா சட்டப்படி செத்தவங்க எழுதுன கடிதத்தைத்தான் திருப்பித் தரலாம். சட்டை கடிதமில்லையே."

"நீங்கதானய்யா புத்தகத்துல எழுதுனீங்க?"

"அப்ப எங்கிட்ட சாவி இல்லக்கா."

அவள் சண்டை போடவில்லை. செத்தவருக்கு வீட்டுக்கு வழிகாட்டும் ஊதுபத்தியை எடுத்தாள், புகைக்குத் தடை என்றார் காவலர். பற்ற வைக்காமலே பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கப்பா. வாசப்படி, பாத்து. இப்ப நடை. இது பெரிய கேட்டு, குனிய வேணாம். ரோட்டத் தாண்டணும்பா, பஸ் வருது."

திறப்பு விழாவன்று சட்டைக்குப் பக்கத்தில் பெரிய புகைப்படம் ஒன்று தொங்கியது. ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து, இரண்டு சிவப்புத் துண்டுகள். கீழே ஜியெனே எழுதிய வாசகம்: 'அருங்காட்சியகம் கேட்டது. தியாகி மூன்று முறை சம்மதித்தார்.'

அமைச்சர் அதன்முன் நெடுநேரம் தலைகுனிந்து நின்றார். அடுத்த மாதமே ஜியெனிடம் இன்னொரு அருங்காட்சியகத்தையும் ஒப்படைத்தார்கள்.