பெல்கிராங்கில் வைத்த ஈயம்

என் வீட்டுக்காரர் பர்வேஸுக்குத் தலை சுற்றும். அதனால்தான் எங்கள் வீட்டில் விமானம் ஓட்டுவது நான்.

சிரிக்க வேண்டாம். கம்பி கட்டி ஓட்டும் பொம்மை விமானம் அப்படித்தான். நாம் கைப்பிடியோடு நடுவில் நிற்க வேண்டும். இரண்டு நீளக் கம்பிகளின் முனையில் அது நம்மைச் சுற்றி வட்டமடிக்கும், நாமும் கூடவே சுற்ற வேண்டும். பர்வேஸ் விமானத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். ஓட்டச் சொன்னால் நாலு சுற்றில் தரையில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ராட்டினத்தில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. விளையாட்டாகத்தான் கைப்பிடியை வாங்கினேன். அப்புறம் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

பம்மலில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள் செய்கிறோம். கேபிள் முனையில் நிப்பிள் என்கிற சின்ன உலோகக் குமிழை மாட்டி ஈயம் உருக்கி வைப்பது பர்வேஸின் வேலை. அவர் வைத்த ஈயம் விட்டுப்போனது என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வமும் அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணிவாக்கத்தில், பிளாட் போட்டும் யாரும் வீடு கட்ட வராத ஒரு வெட்டவெளியில், நான் ஓட்டிக்கொண்டிருந்தபோதே கம்பி அறுந்தது. விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. எங்கள் கிளப்பை நடத்தும் சம்பத் சார், "என்ன ஆச்சு பர்வேஸ்?" என்றார்.

"இவ கை கொஞ்சம் முரடு சார். வெடுக்குனு இழுத்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் அழுகை வந்தது. விமானம் உடைந்ததற்காக இல்லை. முரட்டுக் கை என்று பேர் வாங்கியவளிடம் இனி யார் கைப்பிடியைக் கொடுப்பார்கள்?

மறுநாள் மத்தியானம் இறக்கையின் தாளைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே பெல்கிராங்க் என்று ஒரு சின்ன முக்கோணத் தகடு, நடுவில் ஓர் ஆணியில் இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டு கம்பிகளும் அதன் இரண்டு மூலைகளில் வந்து சேரும்; அங்கே பர்வேஸ் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். மூன்றாவது மூலையிலிருந்து ஒரு தண்டு வாலுக்குப் போகும். ஒரு கம்பியை இழுத்தால் விமானம் ஏறும், மற்றதை இழுத்தால் இறங்கும். அறுந்தது அந்தத் தகட்டின் மூலையில்தான்.

"இங்க வந்து பாருங்க."

பர்வேஸ் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெருமை. "பாத்தியா? ஈயம் அப்பிடியே கீது!"

"ஈயம் அப்பிடியே கீது. அது முடியற எடத்துல கம்பிதான் அறுந்துகீது."

"நீ இழுத்த இழுப்பு அப்பிடி."

எனக்கு வந்ததே கோபம். அறுபடாத மற்றக் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே தகட்டை விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில், ஈயத்தின் விளிம்பில், கம்பியில் முறுக்கியிருந்த இழைகளில் ஒன்று தெறித்தது. பிறகு இன்னொன்று.

"இப்போ யாருங்க இழுத்தாங்க?"

தெறித்த இழையை நகத்தால் நெருடிப் பார்த்தார். "பைக்ல இப்பிடி ஆவறதில்லியே" என்றார்.

"பைக்ல நிப்பிள் அதும்பாட்டுக்குத் திரும்பும். இங்க கம்பிய தகட்டோட ஒட்டிவெச்சிட்டீங்க. தகடு ஆடுனா கம்பி எங்க போவும்?" என் காதைக் காட்டினேன். "இந்தத் தொங்கட்டான வளையத்துல மாட்டாம ஒட்டிவெச்சா ஆடுமா?"

தொங்கட்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே தகட்டின் ஓட்டைகளில் வழவழப்பான பித்தளைக் குழாய்த் துண்டுகளைச் செருகினார். புதுக் கம்பிகளை அவற்றின் வழியாக வளைத்து, மடித்த இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார். ஈயத்தைத் தொடவேயில்லை. கம்பி ஓட்டைக்குள் தாராளமாக ஆடியது. அந்த வாரம் முழுக்க டிவி பார்க்கும்போதெல்லாம் தகட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஓர் இழைகூடத் தெறிக்கவில்லை. சனிக்கிழமை உடைந்த மூக்கை ஒட்டி இறக்கையை மூடினோம்.

எனக்கு அது போதவில்லை. கம்பியைச் சரிசெய்துவிட்டார், என் பேரை? நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அவர் வாயால் போட்ட பழியை அவர்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கைப்பிடியை எடுத்ததுமே சம்பத் சார் தயங்கினார். "மேடம், இன்னைக்கு வேற யாராவது ஓட்டட்டுமே. புதுசா ரெடி பண்ணியிருக்கீங்க..."

நான் பர்வேஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"சார்," என்றார் பர்வேஸ், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "போன வாரம் அறுந்தது இவ கையால இல்ல. பைக் கேபிளுக்கு வெக்கிற மாதிரியே பெல்கிராங்க்ல ஈயம் வெச்சிட்டேன். என் தப்பு. தெரியாம இவ மேல போட்டுட்டேன். இவதான் ஓட்டணும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சம்பத் சார், "அப்போ இழுத்துப் பாத்துடலாம்" என்றார்.

பறக்கவிடும் முன் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் பலம்கொண்ட மட்டும் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது வழக்கம். பர்வேஸ் விமானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இழு ஷாயிஸ்தா. போன வாரத்துக்கும் சேத்து இழு."

இழுத்தேன். அவர் செருப்பு மண்ணில் சறுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சம்பத் சார் விமானத்தை வாங்கிப் பிடித்து இன்ஜினைக் கிளப்ப, பர்வேஸ் ஓடி வந்து எனக்குப் பின்னால் வட்டத்தின் நடுவில் நின்றார்.

"உங்களுக்கு ஆவாதே, எதுக்கு?"

"கிட்டருந்து பாக்கணும்."

விமானம் எழுந்தது. லேசாக மணிக்கட்டைத் தூக்கினால் ஏறியது, தாழ்த்தினால் இறங்கியது. இவ்வளவு சொன்னபடி கேட்டு அது ஒருநாளும் பறந்ததில்லை. எனக்குச் சத்தம்போட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். எரிபொருள் தீர்ந்து அது புல்லில் இறங்கியதும் திரும்பிப் பார்த்தால், பர்வேஸ் கண்ணை மூடி, தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தேன். கையக் குடு, எந்திரிக்கணும்."

நீட்டினேன். "முரட்டுக் கைங்க. பாத்துப் புடிங்க."

"அதான் வேணும்" என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.