தக்காளி பார்த்த கை

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிப்பதில் நஞ்சம்மாவை மிஞ்ச ஆளில்லை. காயா, செங்காயா, பெங்களூர் போய்ச் சேரும்வரை தாங்குமா என்று தொட்டதுமே சொல்லிவிடுவாள். அந்தக் கையின் மேல் வைத்த நம்பிக்கைதான் அவளுக்கு வினையாகப் பார்த்தது.

தொண்டையோரம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கிளம்பியது. அதையும் தக்காளி மாதிரியே அமுக்கிப் பார்த்தாள். வலியில்லை. 'கெட்டதா இருந்தா வலிக்காதா?' என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பயம் உள்ளே அரித்தது. மகள் காவியாவுக்குப் போச்சம்பள்ளி கம்பெனி மாப்பிள்ளை கூடிவந்திருந்த நேரம் அது. தாய்க்கு நோய் என்றால் சம்பந்தம் முறிந்துவிடுமே! புருஷன் கங்கப்பனிடம்கூட மூச்சுவிடாமல், முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டே திரிந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பூ வைக்கும் நாளில், மாப்பிள்ளையின் தாய் சாந்தம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"கையில வெச்சா போதுங்க" என்று நஞ்சம்மா பின்வாங்கினாள்.

"அதெப்படிங்க, சம்பந்திக்குக் கழுத்துல பூசறதுதானே முறை" என்று பூசிய சாந்தம்மாவின் விரல் கட்டியில் பட்டு நின்றது. நஞ்சம்மாவுக்கு உயிரே போய்விட்டது. சாந்தம்மா அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

"ஆஸ்பத்திரில காட்டுனீங்களா?"

"வலியே இல்லீங்க... ஊசில குத்திப் பாத்தா பரவிடும்னு வேற சொல்றாங்க."

"சொல்றவங்க என்னா டாக்டரா? எங்க நாத்தனாருக்கும் இது வந்துச்சு. காட்டுனதால நல்லா இருக்கா. கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆவாது. பொண்ணத் தாரை வாக்க நீங்க வேணுமில்ல?"

அதைக் கேட்டு நஞ்சம்மா அழுதே விட்டாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதித்தார்கள். விஷயம் தெரிந்து கூடவே வந்த கங்கப்பனுக்கு முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை.

"தைராய்டு கட்டிம்மா. புற்று இல்ல, இப்போதைக்கு ஆபரேஷனும் வேணாம். அடுத்த வருஷம் திரும்ப ஸ்கேன் பண்ணணும். நடுவுல பெருசானாலோ, முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ உடனே வந்துடுங்க" என்றார் டாக்டர்.

கல்யாணப் பத்திரிகையோடு மண்டிக்கு வந்தவளைக் கூட்டாளி நாகம்மா சீண்டினாள். "ஏன்க்கா, கழுத்துல இருக்கறது என்னா கட்டின்னு உன் கைக்கே தெரியாமப் போச்சா?"

போர்த்தாத கழுத்தோடு நஞ்சம்மா சிரித்தாள்.

"தக்காளியத்தான் கையால பாக்கலாம் நாகு. கட்டிய டாக்டர்தான் பாக்கணும். எல்லாக் கட்டியும் புத்து இல்ல. ஆனா காட்டாம மூடி வெக்கறோம் பாரு, அதாண்டி பெரிய வியாதி!"